ஊர் நூலகம் உழவருக்கும் உரியதே

விவசாயப் பெருமக்கள் தங்கள் வீட்டு வரி ரசீதை ஒரு தடவை எடுத்துப் பார்க்க வேண்டும். வீட்டு வரியுடன் நூலக வரி என்று ஒரு சிறு தொகையும் சேர்த்து வாங்கப்பட்டிருக்கும். ரூபாய்க்கு 10 காசு. வீட்டு வரி 150 ரூபாய் என்றால் நூலக வரி 15 ரூபாய். 400 வீடுகள் உள்ள ஓர் ஊராட்சியில் வீட்டுக்குச் சராசரி 150 ரூபாய் வரி என்று வைத்துக்கொண்டால், நூலகத்துக்கென்று மட்டும் அந்த ஊர் ஆண்டுக்கு 6,000 ரூபாய் கொடுக்கிறது. உரத்துக்கும் டீசலுக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகை அல்ல. ஆனால் கொடுத்தவர் கணக்குக் கேட்க வேண்டிய தொகைதான். நெல் மூட்டையில் ஒரு கிலோ எடை குறைந்தாலும் தராசைப் பிடித்துக்கொள்ளும் விவசாயி, இந்தத் தொகைக்குத் தனக்கு என்ன கிடைத்தது என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

இந்த வரி நேற்று வந்ததல்ல. நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டே, 1948-ல், அன்றைய சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் இப்படியொரு சட்டம் முதலில் வந்தது இங்கேதான். அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் தி. சு. அவினாசிலிங்கம். அந்தச் சட்டத்துக்காகப் பல ஆண்டுகள் பாடுபட்டவர், சீர்காழியில் பிறந்து உலகம் மதிக்கும் நூலக அறிஞராக உயர்ந்த எஸ். ஆர். ரங்கநாதன். சட்டம் வருவதற்கு 17 ஆண்டுகளுக்கு முன்பே, 1931 அக்டோபரில், மன்னார்குடி மேலவாசலில் மாட்டு வண்டியில் ஒரு நடமாடும் நூலகத்தை அவர் தொடங்கி வைத்தார். வண்டியை அமைத்தவர் பொறியாளர் கனகசபைப் பிள்ளை. புத்தகம் கேட்டு கிராமத்தான் டவுனுக்கு வர மாட்டான், புத்தகம்தான் அவன் வாசலுக்குப் போக வேண்டும் என்ற தெளிவு அன்றே இருந்திருக்கிறது. நெல் ஏற்றுகிற வண்டியில் நூல் ஏற்றினார்கள் என்பது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி.

இன்று தமிழகத்தில் மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என்று நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. இவை போதாவென்று, 2006 முதல் 2011 வரை நடந்த அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் கட்டப்பட்டது. அவற்றில் பல, ஆளும் பராமரிப்பும் இன்றிப் பூட்டிக் கிடந்ததை நீங்களே கண்டிருப்பீர்கள். சில இடங்களில் உரமூட்டை அடுக்கியிருந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். அண்மை ஆண்டுகளில் சில கட்டடங்கள் புதுப்பிக்கப்பட்டுள்ளன. திறந்திருக்கும் நூலகங்களில்கூட யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள், செய்தித்தாள் பார்க்கும் ஓய்வூதியக்காரர்கள். இவர்கள் வருவது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அந்த ஊரில் பெரும்பாலோர் செய்யும் தொழில் விவசாயம். அந்தத் தொழில் செய்பவர் அந்த வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறார்.

படிப்பு அவருக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். என் கருத்து நேர் எதிரானது. ஊரில் எல்லாரையும்விட நூலகம் அதிகம் தேவைப்படுவது விவசாயிக்குத்தான். ஏன் என்பதை ஒரு பூச்சியைக் கொண்டு விளக்குகிறேன்.

யாருக்கும் லாபமில்லாத ஆலோசனை

2016-ல் பொள்ளாச்சி வட்டாரத் தென்னந்தோப்புகளில் சுருள் வெள்ளை ஈ தென்பட்டது. பிறகு மாநிலத்தின் பல பகுதிகளுக்கும் பரவியது. ஓலையின் அடிப்பக்கத்தில் சுருள் சுருளாக முட்டையிட்டுச் சாற்றை உறிஞ்சும். அது வெளியேற்றும் தேன் போன்ற கழிவு கீழ் ஓலைகளில் படிந்து, அதன்மேல் கரும்பூசணம் வளரும். தோப்பு முழுதும் கரி பூசியது போல் ஆகிவிடும். அதைப் பார்த்த விவசாயி பதறாமல் என்ன செய்வார்? மருந்துக் கடைக்கு ஓடினார். கடையில் என்ன கிடைக்கும்? மருந்துதான் கிடைக்கும்.

ஆனால் இந்தப் பூச்சிக்கு விஞ்ஞானிகள் சொன்ன யோசனை, கடும் பூச்சிக்கொல்லிகளைத் தெளிக்காதீர்கள் என்பதே. வெள்ளை ஈயின் குஞ்சுகளுக்குள் முட்டையிட்டு அவற்றைக் கொல்லும் என்கார்சியா என்ற சிறு ஒட்டுண்ணிக் குளவி தோப்புகளில் இயற்கையாகவே பெருகி வருகிறது. மருந்தடித்தால் முதலில் சாவது அதுதான். குளவி செத்த தோப்பில் வெள்ளை ஈ முன்னைவிட வேகமாகப் பெருகும். அதற்குப் பதில் 5 அடி நீளம், ஒன்றரை அடி அகலமுள்ள மஞ்சள் ஒட்டும் பொறிகளை விளக்கெண்ணெய் தடவி ஏக்கருக்கு 8 வீதம் தொங்கவிடலாம். விசையாகத் தண்ணீர் பீய்ச்சி ஓலையின் அடிப்பக்கத்தைக் கழுவலாம். கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் வீதம் மைதா மாவைப் பசையாகக் காய்ச்சிக் கரைத்துத் தெளித்தால், காய்ந்தபின் பூசணம் ஏடாக உரிந்து விழும். மைதாவும் மஞ்சள் தாளும் விளக்கெண்ணெயும் எந்தப் பூச்சிமருந்துக் கம்பெனியும் விற்கும் சரக்கல்ல.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. மருந்து அடியுங்கள் என்று சொல்ல ஆயிரம் பேர் உண்டு. ஏனென்றால் அதில் அவர்களுக்கு வியாபாரம் உண்டு. கடைக்காரரைக் குறை சொல்லவில்லை, அவர் கடை வைத்திருப்பதே விற்கத்தான். மருந்து அடிக்காதீர்கள், யூரியாவைக் குறையுங்கள், இந்த வாரம் தண்ணீர் கட்ட வேண்டாம் என்று சொல்வதில் யாருக்கு லாபம்? விவசாயி ஒருவருக்கு மட்டுமே. விற்கிறவன் இல்லாத ஆலோசனை தானாக ஊருக்குள் வராது. உதவி வேளாண்மை அலுவலர் வர வேண்டும். அவருக்குப் பல ஊர்கள், பல திட்டங்கள், பல பதிவேடுகள். 1980களில் பயிற்சி மற்றும் பார்வைத் திட்டம் இருந்தபோது குறித்த கிழமையில் குறித்த ஊருக்கு வந்து போவார்கள். அந்த முறை இப்போது இல்லை. ஆகவே, எவருடைய வியாபாரத்தையும் சாராத ஓர் இடம், வாங்கச் சொல்லாமல் தெரிந்துகொள்ள மட்டும் அழைக்கும் ஓர் இடம் ஊரில் வேண்டும். அப்படி ஓர் இடத்துக்குத்தான் நீங்கள் ரூபாய்க்கு 10 காசு கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

மண்வள அட்டையும் இதே கதைதான். 2015-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் லட்சக்கணக்கான விவசாயிகள் அட்டை பெற்றார்கள். கார அமில நிலை, உப்பின் நிலை, அங்ககக் கரிமம், தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் என்று 12 விவரங்கள் அதில் உண்டு. அட்டை பெரும்பாலும் பட்டா இருக்கும் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது! அதைப் படிக்கத் தெரியாததால் வழக்கம்போல் ஏக்கருக்கு மூட்டைக் கணக்கில் உரம் போடப்படுகிறது. மணிச்சத்து போதுமான அளவுக்கு மேல் உள்ள நிலத்திலும் டி.ஏ.பி. கொட்டப்படுகிறது. நூலகச் சுவரில் மண்வள அட்டையை எப்படிப் படிப்பது என்று ஒரு பெரிய தாள் தொங்கினால், அட்டையைக் கையில் கொண்டு வந்து ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். இதற்கு ஆகும் செலவு ஒரு தாளும் நாலு ஆணியும்.

பூச்சிமருந்துப் புட்டியோடு ஒரு துண்டுப் பிரசுரமும் இருக்க வேண்டும், அது வட்டார மொழியிலும் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அந்த எழுத்து எறும்பு ஊர்வது போல் இருக்கும். புட்டியின் மேலுள்ள முக்கோணம் சிவப்பானால் மிகக் கொடிய நஞ்சு, மஞ்சள் அடுத்தது, நீலம் அதற்கும் கீழ், பச்சை குறைந்த நஞ்சு என்ற ஒன்றையாவது கைத்தெளிப்பான் தூக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டாமா? அவர்களில் பலர் நிலமில்லாத கூலித் தொழிலாளர்கள். அவர்களுக்கு இதைச் சொல்ல எந்த ஏற்பாடும் இல்லை.

கைப்பேசி இருக்கிறதே என்பவர்களுக்கு

இந்தக் காலத்தில் நூலகமா, எல்லாம் கைப்பேசியில் வருகிறதே என்று படித்த இளைஞர்கள் என்னிடம் வாதிடுவதுண்டு. கைப்பேசியை நான் வெறுப்பவனல்ல. 2018-ல் வந்த உழவன் செயலியும் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இணையதளமும் நல்ல கருவிகள். ஆனால் ஒரு வீடியோவில் பேசுபவர் எந்த மாநிலத்தில், எந்தப் பட்டத்தில், என்ன மண்ணில் நின்று பேசுகிறார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அவருக்குப் பின்னால் ஒரு கம்பெனியின் பெயர்ப் பலகை தெரிவதையும் கவனிப்பதில்லை. தவிர, கைப்பேசியில் ஒருவர் தனியாகப் பார்க்கிறார், தனியாக முடிவெடுக்கிறார், நஷ்டமும் தனியாகவே படுகிறார்.

பழைய அனுபவம் ஒன்றைச் சொன்னால் இது விளங்கும். 1960களில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் தஞ்சை மாவட்டத்தில் மளமளவென்று பரவியது. திருச்சி வானொலி நிலையத்தின் விவசாய ஒலிபரப்பு மூலம் அதை அறிந்ததால் விவசாயிகள் அதற்கு ரேடியோ நெல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வானொலி சொன்னது என்பதற்காக மட்டும் அது பரவவில்லை என்பது என் கணிப்பு. அன்று வீட்டுக்கு வீடு ரேடியோ கிடையாது. பலர் ஒரே பெட்டியின் முன் கூடிக் கேட்டார்கள். கேட்டு முடித்ததும் நம்ம ஊர் வாய்க்காலுக்கு இது சரிப்படுமா என்று சண்டை போட்டார்கள். யாரோ ஒருவர் ஒரு மா நிலத்தில் நட்டுப் பார்த்தார், மற்றவர்கள் வரப்பில் நின்று பார்த்தார்கள். செய்தி ஒன்று, அதை அலசும் இடம் இன்னொன்று. இரண்டும் இருந்தன. இன்று செய்தி மழையாகக் கொட்டுகிறது, அலசும் இடம்தான் இல்லை. அந்த இடம் நூலகமாக இருக்கலாம்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் நூலகத்தில் என்ன செய்வார் என்ற கேள்விக்கும் பதில் பழைய வழக்கத்திலேயே உண்டு. ஊர்ப் படிப்பகங்களிலும் டீக்கடைகளிலும் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, பத்துப் பேர் கேட்டது அதிக காலத்துக்கு முந்தைய செய்தியல்ல. வாரத்தில் ஒரு மாலை, அரை மணி நேரம், விவசாயச் செய்திகளை ஒரு கல்லூரி மாணவி உரக்கப் படித்தால் போதும்.

விவசாயம் சாராத ஓர் உதாரணத்தையும் சொல்ல வேண்டும். புதுச்சேரி வட்டாரக் கிராமங்களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் கிராம அறிவு மையங்களை ஏற்படுத்தியது. மீனவர் ஊர்களில் அலை உயரம், காற்று பற்றிய தகவலை ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். 2004 டிசம்பர் 26 காலை, நல்லவாடு என்ற ஊருக்குச் சிங்கப்பூரிலிருந்து அங்கு வேலை பார்க்கும் ஊர்க்காரர் ஒருவர் ஆழிப்பேரலை பற்றித் தொலைபேசியில் எச்சரித்தார். உடனே அறிவு மையத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஜனங்கள் ஓடித் தப்பினார்கள். எத்தனையோ ஊர்களுக்கு அன்று தொலைபேசி இருந்தது. இந்த ஊரில், நாள்தோறும் கேட்டுப் பழகிய, நம்பிப் பழகிய ஒரு குரல் இருந்தது.

தடை எங்கே?

பிறகு ஏன் விவசாயி நூலகத்துக்குப் போவதில்லை? குறை அவர்மீது மட்டுமல்ல.

முதலாவது, அலமாரி. கதை, கவிதை, தேர்வு வழிகாட்டி எல்லாம் இருக்கும். வேளாண்மை என்ற தலைப்பில் ஒரு தட்டு, அதில் பதினைந்து இருபது புத்தகம், அதிலும் பாதி பழையவை. பழைய நாவல் கெட்டுப்போவதில்லை. பழைய பயிர்ப் பாதுகாப்பு நூல் கெட்டுப்போகும். 1990-ல் அச்சான புத்தகத்தைத் திறந்தால் எண்டோசல்பான் தெளிக்கச் சொல்லும். 2011-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தடை செய்துவிட்டது. நூலகருக்கு இது தெரிய வேண்டிய அவசியமில்லை. வட்டார வேளாண்மை அலுவலகத்திலிருந்து ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறை வந்து அந்தத் தட்டைக் களையெடுத்துவிட்டுப் போக வேண்டும். மாவட்ட வேளாண் அறிவியல் நிலையங்களும் ஆராய்ச்சி நிலையங்களும் அச்சிடும் துண்டு வெளியீடுகள் கண்காட்சியில் ஒரே நாளில் கை மாறி மறுநாள் காணாமல் போகின்றன. அவற்றில் ஐந்து பிரதிகள் ஊர் நூலகத்துக்கு என்று ஒதுக்கினால் ஐந்தாண்டு இருக்கும். பல்கலைக்கழகம் வெளியிடும் உழவரின் வளரும் வேளாண்மை மாத இதழ் ஒரு பிரதி வந்தாலும் ஊருக்கே பயன்படும். அந்த வெளியீடுகளின் தமிழ், வயலில் பேசும் தமிழுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வர வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இரண்டாவது, நேரம். நூலகம் திறந்திருக்கையில் விவசாயி வயலில் இருக்கிறார். அவர் மாட்டைக் கட்டிவிட்டு வரும்போது நூலகர் பூட்டிவிட்டுப் போயிருப்பார். வாரத்தில் இரண்டு நாளாவது இரவு 8 மணி வரை திறந்திருந்தால் நிலைமை மாறும். ஊர்ப்புற நூலகர்களின் ஊதியம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை என்பதும் உண்மை. அவர்களிடம் மேலும் உழைப்பைக் கேட்குமுன் அதைச் சரி செய்வது அரசின் கடமை.

மூன்றாவதைச் சொல்லப் பலர் தயங்குவார்கள். நூலகம் எந்தத் தெருவில் இருக்கிறது? எல்லாத் தெருக்காரர்களும் தயக்கமின்றி ஏறக்கூடிய படியா அது? பெண்கள் உட்கார இடம் இருக்கிறதா? நாற்று நடுவதும் களையெடுப்பதும் கறவை மாட்டைப் பார்ப்பதும் பெரும்பாலும் பெண்கள்தான். அவர்கள் நுழைய முடியாத நூலகத்தை விவசாய நூலகம் என்று நான் ஒப்ப மாட்டேன். புதிதாகக் கட்டடம் வரும் ஊர்களில் முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி இது. சுவர் எழும்பிய பிறகு கேட்டுப் பயனில்லை.

நூலக வரிப் பணம் ஊரிலேயே தங்குவதில்லை. ஊராட்சியும் நகராட்சியும் வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்துகின்றன. நகரத்தின் பெரிய வரியும் கிராமத்தின் சிறு வரியும் ஒன்றாகச் சேர்ந்து மாவட்டத்துக்குச் செலவாகின்றன. நல்ல ஏற்பாடு, கிராமத்துக்கு இதில் ஆதாயமே. ஆனால் வசூலித்த உள்ளாட்சிகள் சில அதைச் செலுத்தாமல் நிலுவை வைத்திருப்பதாகப் பத்திரிகைகளில் அடிக்கடி செய்தி வருகிறது. உங்கள் ஊராட்சி செலுத்திவிட்டதா என்று கிராம சபையில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

நீங்கள் செய்யக்கூடியது

முதலில், உங்கள் ஊர் நூலகம் மாவட்ட ஆணைக்குழுவைச் சேர்ந்ததா, ஊராட்சி நடத்துவதா என்று விசாரியுங்கள். முன்னதானால் மனு மாவட்ட நூலக அலுவலருக்குப் போக வேண்டும். பின்னதானால் ஊராட்சித் தலைவரிடமும் வட்டார வளர்ச்சி அலுவலரிடமும். இது தெரியாமல் கொடுத்த மனுக்கள் மேசைக்கு மேசை சுற்றுகின்றன. கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. நூலக நேரத்தை மாற்றவும், வேளாண்மை நூல்களும் இதழும் வாங்கவும் தீர்மானம் போடச் சொல்லுங்கள். நூல்களின் பெயரைக் குறிப்பிட்டே கேட்பது நல்லது. பொதுவாகக் கேட்டால் பொதுவாகவே பதில் வரும். ஒவ்வொரு நூலகத்திலும் வாசகர் வட்டம் என்று ஓர் அமைப்பு இருக்க வேண்டும். அதில் விவசாயிகள் இருவராவது உறுப்பினராகுங்கள். வசதியுள்ளவர்கள் 1,000 ரூபாய் செலுத்திப் புரவலராகலாம்.

அறிவிப்புப் பலகையில் அந்தப் பருவத்துக்குப் பயிர்க் காப்பீடு செய்யக் கடைசி நாள் பெரிய எழுத்தில் இருக்கட்டும். ஆலங்கட்டி மழை போன்ற ஓரிடத்துச் சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதும் இருக்கட்டும். 73-வது மணி நேரத்தில் விவரம் தெரிந்து என்ன பயன்?

கடைசியாக ஒன்று. நூலகத்தில் வெளியிலிருந்து வந்த புத்தகங்கள் மட்டும் இருந்தால் போதாது. உங்கள் ஊர் எழுதும் புத்தகம் ஒன்றும் இருக்க வேண்டும். தடிமனான கோடு போட்ட நோட்டு ஒன்று போதும். நூலகக் கூரை மேல் ஒரு மழைமானி வைத்து, மழை பெய்த மறுநாள் காலை அளவைக் குறியுங்கள். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஏக்கருக்குச் சுமார் 4,000 லிட்டர் தண்ணீர் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளே கணக்குப் போட்டுச் சொல்வார்கள். மாதம் ஒருமுறை பொதுக் கிணற்றில் கயிறு விட்டு நீர் மட்டத்தை அளந்து எழுதுங்கள். எந்தத் தேதியில் எந்த ரகம் விதைத்தது, எந்த வாரத்தில் என்ன பூச்சி முதலில் தென்பட்டது, ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் என்ன விலை போயிற்று என்பதையும் எழுதலாம். ஊரில் முன்பு பயிரிட்ட நாட்டு ரகங்களின் பெயரும் குணமும் தெரிந்த பெரியவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள். அவர்களைக் கேட்டு அதே நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். மூன்று ஆண்டுக் குறிப்பு சேர்ந்ததும் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்துக்கு வாருங்கள். மழையும் பூச்சியும் விதைப்புத் தேதியும் எப்படிச் சேர்ந்து வருகின்றன என்று உட்கார்ந்து பார்க்கலாம்.